முதல் லைன் ஃபாலோயர் போட்டி: வீட்டில் ஓடும் வண்டி அங்கேயும் ஓட

தரையில் உள்ள கோட்டைப் பார்த்துத் தானாக ஓடும் எங்கள் முதல் ரோபோ வண்டி விடுதி வராந்தாவில் அட்டகாசமாக ஓடியது. வெள்ளைச் சார்ட் தாளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிச் செய்த டிராக்கில் அது விடாமல் சுற்றுவதைப் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போட்டி அரங்கில் வைத்தோம். முதல் வளைவைத் தாண்டியது. இரண்டாவது வளைவில் திரும்பாமல் நேராகப் போய் மேசைக் காலில் முட்டி நின்றது. மூன்று வாய்ப்பு கொடுத்தார்கள். மூன்று முறையும் அதே மேசைக் கால். அந்த வளைவின் மேல் ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்ததை நாங்கள் கவனித்தபோது பட்டியலில் எங்கள் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் நிறையப் போட்டிகளுக்குப் போயாகிவிட்டது. இப்போது ஜூனியர்களின் வண்டிகளை ஓரமாக நின்று பார்க்கிற கட்டம். முதல் சுற்றிலேயே வெளியேறும் அணிகளைப் பார்த்தால், பெரும்பாலோருக்கு ரோபோ நன்றாகவே செய்ய வந்திருக்கிறது. செய்து முடித்தது போட்டிக்கு முந்தின நாள் இரவு, ஓட்டிப் பார்த்தது ஒரே ஒரு அறையில், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றியதுதான்.

எதில் ஆரம்பிப்பது

கல்லூரி மாணவர் என்றால், லைன் ஃபாலோயரில் ஆரம்பியுங்கள். தரையில் வரைந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டி தானாக ஓட வேண்டும், குறைந்த நேரத்தில் முடிப்பவர் ஜெயிப்பார். சென்சார், மோட்டார், பேட்டரி, நிரல் என்று நான்கையும் ஒரே சின்ன வண்டியில் கற்றுக்கொடுக்கும் போட்டி இது. செலவும் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாஸ்த்ரா, திருச்சி என்.ஐ.டி.யின் ப்ரக்யான், கிண்டி பொறியியல் கல்லூரியின் குருக்ஷேத்ரா போன்ற பெரிய விழாக்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே போவதற்கு முன்னால் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி சிம்போசியம் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். பதிவுக் கட்டணம் குறைவு, கூட்டம் குறைவு, தோற்றாலும் மதியச் சாப்பாட்டுக்கு ஊர் வந்து சேரலாம்.

ரோபோக்கள் ஒன்றோடொன்று மோதும் ரோபோ வார் பார்க்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அதில் உலோகம் வெட்டுவது, வெல்டிங், பெரிய லித்தியம் பேட்டரி எல்லாம் வரும். முதல் வருடத்தில் வேண்டாம். ஆசிய-பசிபிக் ஒலிபரப்புச் சங்கம் (ஏ.பி.யு.) நடத்தும் ரோபோகான் 2002இல் டோக்கியோவில் தொடங்கிய பெரிய பல்கலைக்கழகப் போட்டி. 2008இலும் 2014இலும் புனேயில் நடந்தது. அதற்கு ஒரு கல்லூரியே பின்னால் நிற்க வேண்டும். அதுவும் பிறகுதான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வழி வேறு. 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய வேர்ல்டு ரோபோ ஒலிம்பியாட், 1998இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் லெகோ லீக் இரண்டும் வயதுவாரியாக நடப்பவை. ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் ஒரு ஆட்டம் இரண்டரை நிமிடம். ரோபோ எடுக்கும் புள்ளியோடு, பிள்ளைகள் அதை எப்படி வடிவமைத்தார்கள், ஒரு பிரச்சினைக்கு என்ன தீர்வு யோசித்தார்கள், அணியாக எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. உங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். மத்திய அரசு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து, 6 முதல் 12ஆம் வகுப்பு வரைக்காக அமைக்கும் ஆய்வகம் அது. சில பள்ளிகளில் பூட்டியே கிடக்கும். சாவி யாரிடம் என்று கேட்டுப் போய் நிற்கிற ஒரு மாணவர் போதும், திறந்துவிடுவார்கள்.

இனி லைன் ஃபாலோயரை வைத்தே பேசுகிறேன். சொல்வதில் முக்கால்வாசி மற்ற போட்டிகளுக்கும் பொருந்தும்.

விதிமுறைத் தாளை அச்செடுங்கள்

கைபேசியில் மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. காகிதத்தில் எடுத்து, எண் வருகிற ஒவ்வொரு இடத்திலும் பேனாவால் வட்டமிடுங்கள். வண்டியின் அதிகபட்ச நீள அகலம், கோட்டின் அகலம், கறுப்புக் கோடா வெள்ளைக் கோடா, எத்தனை முறை ஓட்டலாம், கையால் தொட்டால் எத்தனை விநாடி அபராதம், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே நிரலை மாற்றலாமா. இந்தப் பதில்கள் கையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

ஒரு பொறியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பல போட்டிகளில் "வண்டியில் எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது" என்று ஒரு விதி இருக்கும். கடையில் 11.1 வோல்ட் என்று ஒட்டிய மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை வாங்கி வருவோம், 12க்குக் கீழேதானே என்று. முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் ஒரு செல் 4.2 வோல்ட், மூன்று சேர்ந்து 12.6. வாலண்டியர் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் வண்டி வெளியே. வாசலிலேயே இப்படித் திரும்பிய அணிகளைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

ரெடிமேடு கிட் கூடாது என்ற விதியும் வழக்கமானதுதான். தனித்தனியாக வாங்கிய போர்டு, சென்சார், மோட்டார் டிரைவர் (போர்டு சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கும் பாகம்) பொதுவாகப் பரவாயில்லை. முழு வண்டியாக வாங்கி வந்ததைத்தான் சொல்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள், பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள். போனில் கேட்டால், அன்றைக்கு அரங்கில் இருப்பவர் வேறு ஆளாக இருப்பார்.

அணி

மூன்று பேர் சரியான கணக்கு. ஒருவர் நிரல், ஒருவர் வயரிங், ஒருவர் சேஸிஸும் (வண்டியின் சட்டம்) சாமான் வாங்குவதும். நான்காவது ஆளை நட்புக்காகச் சேர்த்தால் அவர் செல்ஃபி எடுப்பார். ஆனால் மூவரில் எந்த இருவர் இருந்தாலும் வண்டியை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். நிரல் எழுதியவருக்கு அன்றைக்கென்று காய்ச்சல் வரும். போட்டி நாளுக்கு வகுப்பு வருகை கிடைக்க வைக்கும் ஓ.டி. கடிதத்தில் கையெழுத்து வாங்குவதையும் ஒருவர் பெயரில் எழுதிவிடுங்கள். அதை எல்லோரும் எல்லோரிடமும் விட்டுவிடுவார்கள்.

சாமான் வாங்குவது

சென்னையில் இருந்தால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருதான். வெளியூர் என்றால் ஆன்லைனில் வாங்குங்கள், ஆனால் வந்து சேரும் நாளைக் கணக்கில் வையுங்கள்.

வண்டியின் மூளையாக இருக்கும் போர்டு, முதல் வண்டிக்கு அர்டுயினோ யூனோ போதும். அதைவிட வேகமான போர்டுகள் உண்டு. உங்கள் முதல் தோல்விக்கு போர்டின் வேகம் காரணமாக இருக்கப்போவதில்லை. மலிவான நகல் போர்டு வாங்கினால் அதில் பெரும்பாலும் சி.எச்.340 என்ற யூ.எஸ்.பி. சிப் இருக்கும். விண்டோஸ் கணினியில் அதற்குத் தனி டிரைவர் மென்பொருள் போட வேண்டிவரலாம். வீட்டிலேயே இரண்டு லேப்டாப்பில் போட்டுவையுங்கள். அரங்கில் வைஃபை கிடைக்காது.

மோட்டாருக்கு இரண்டு வழி. மஞ்சள் பிளாஸ்டிக் பி.ஓ. மோட்டார் மலிவு, பிழை பொறுக்கும். உலோகப் பல்சக்கரம் வைத்த என்20 சிறியது, வேகமானது, விலை கூட. எந்த ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்று கடைக்காரரிடம் கேட்டு நிற்காமல் நீங்களே கணக்குப் போடுங்கள். 65 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் போகும். 150 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு இரண்டரைச் சுற்று, அதாவது அரை மீட்டர். 15 மீட்டர் டிராக்கை அரை நிமிடத்தில் முடித்துவிடும். புதியவருக்கு அது போதும். 300 வாங்கினால் நொடிக்கு ஒரு மீட்டர், அந்த வேகத்தில் வளைவைப் பிடிக்க உங்கள் நிரலும் சென்சாரும் தயாரா என்று யோசியுங்கள். ஒரே மாதிரி மோட்டார் மூன்றாக வாங்குங்கள். மூன்றாவது எதற்கு என்று போட்டிக்கு முந்தைய வாரம் தெரியும்.

மோட்டார் டிரைவராக எல்லோரும் எல்298என் வாங்குவார்கள். சிவப்பு போர்டு, கறுப்பு ஹீட் சிங்க். முரட்டுத்தனமானது, சீக்கிரம் கருகாது. ஆனால் தன்னிடமே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 7.4 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது ஐந்தரைதான். "பேட்டரி ஃபுல், வண்டி ஏன் இழுக்க மாட்டேங்குது?" என்ற கேள்விக்குப் பாதி நேரம் இதுதான் பதில். என்20 மோட்டாருக்கு டிபி6612 என்ற சின்ன டிரைவர் நல்லது, இந்த இழப்பு அதில் மிகக் குறைவு. அது மோட்டாருக்குத் தொடர்ந்து 1.2 ஆம்பியர்தான் தாங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பேட்டரி விஷயத்தில் 9 வோல்ட் சதுர பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள். புகை எச்சரிக்கைக் கருவிக்கும் மல்டிமீட்டருக்கும் உள்ளது அது. மோட்டார் கேட்கும் கரண்டைக் கொடுக்க அதற்குத் தெம்பு கிடையாது. இரண்டு 18650 லித்தியம் செல்லைத் தொடராகப் போட்டால் 7.4 வோல்ட் கிடைக்கும். செல் மேல் கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த அளவுள்ள செல்லில் 3500ஐத் தாண்டுவதே அரிது. எழுத்தில் பொய் சொல்பவன் உள்ளேயும் சொல்வான்.

வயரிங்கில் தூக்கம் கெடுக்கும் மூன்று விஷயங்கள்

ஒன்று, கிரவுண்ட். மோட்டாருக்கு ஒரு பேட்டரி, அர்டுயினோவுக்கு ஒரு பேட்டரி என்று தனித்தனியாக வைத்தாலும் இரண்டின் மைனஸும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் வண்டி பேய் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். நிரலில் தவறு தேடித் தேடி ஒரு ராத்திரி போகும்.

இரண்டு, ரீசெட். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டு இழுக்கும். வோல்ட்டேஜ் தாழ்ந்து அர்டுயினோ அணைந்து மறுபடி உயிர்க்கும். யூ.எஸ்.பி. கேபிள் மாட்டியிருக்கும்போது ஒழுங்காக இருந்து, கழற்றினதும் விக்கி விக்கி ஓடினால் சந்தேகமே வேண்டாம், இதுதான். நல்ல செல், தடித்த வயர், மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 104 என்று எழுதிய ஒரு செராமிக் கெபாசிட்டர் என்று போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

மூன்று, ஜம்பர் வயர். சாலிடர் இல்லாமல் துளையில் செருகும் பிரெட்போர்டில் மாட்டிய வயர் வகுப்பறைக்கு. பைக்கில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போய் இறங்கும் வண்டிக்கு இல்லை. டிசைன் உறுதியானதும் டாட் போர்டில் சாலிடர் செய்துவிடுங்கள். சாலிடரிங் வராது என்றால் செருகிய ஒவ்வொரு முனையிலும் சூடான பசை ஒரு சொட்டு வையுங்கள். அசிங்கமாக இருக்கும், கழறாது.

இன்னொன்று, யூனோவின் 0, 1 எண் பின்களில் (வயர் செருகும் துளைகளில்) எதையும் மாட்டாதீர்கள். கணினியோடு பேசுவது அந்த வழியாகத்தான், மாட்டினால் நிரல் ஏறாமல் அடம்பிடிக்கும். பிற்பாடு பொருளைப் பிடிக்கும் கிரிப்பருக்காக ஒரு செர்வோ மோட்டாரைச் சேர்த்ததும் ஒரு சக்கரம் திடீரென்று வேகக் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் போனால், அந்தச் சக்கரத்தின் வேக வயர் 9 அல்லது 10ஆம் பின்னில் இருக்கிறதா பாருங்கள். யூனோவில் செர்வோ நூலகத்தைப் பயன்படுத்தினால் அந்த இரண்டு பின்களும் பி.டபிள்யூ.எம். (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிக்னல்) தராது.

சென்சார்தான் போட்டி

வண்டியின் மூக்கில் வரிசையாக இருக்கும் ஐ.ஆர். சென்சார்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருவதை அளக்கின்றன. வெள்ளைத் தரை திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிக்கொள்ளும். இவ்வளவுதான் தத்துவம். ஆனால் இதற்குள்தான் எல்லா வம்பும் இருக்கிறது.

முதல் வம்பு வெயில். சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறைய உண்டு. மேடையில் போடும் மஞ்சள் ஹாலஜன் விளக்கிலும் உண்டு. வெயில் கோட்டின் மேல் விழுந்தால் கறுப்பும் சென்சாருக்கு வெள்ளையாகிவிடும். எங்கள் மேசைக் கால் கதை இதுதான். மருந்து எளிது. சென்சார் வரிசையைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் ஒரு பாவாடை கட்டுங்கள், தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி. அதற்கு ஆகிற செலவு ஐந்து ரூபாய்.

இரண்டாவது உயரம். பரவலாகக் கிடைக்கும் டி.சி.ஆர்.டி. 5000 சென்சார் பொருளிலிருந்து இரண்டரை மில்லிமீட்டரில்தான் உச்சமாகப் பார்க்கும். 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் கண் மங்கிவிடும். நான் பார்க்கிற புது வண்டிகளில் பாதி, சென்சாரை இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் வைத்துவிட்டு நிரலைத் திட்டிக்கொண்டிருக்கும். 3 முதல் 8 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். ரொம்பத் தாழ்த்தினால் டிராக் அச்சிட்ட ஃபிளெக்ஸின் ஒட்டுகளில் தட்டும்.

மூன்றாவதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அகச்சிவப்புக்கும் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. கார்பன் கலந்த மை நன்றாக விழுங்கும். சாயம் கலந்த சில கறுப்பு மைகள் அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும், அடியில் உள்ள வெள்ளை திருப்பி அனுப்பிவிடும். வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த டிராக்கில் வண்டி கோட்டையே பார்க்கவில்லை என்றால் சென்சாரைப் பழிக்காதீர்கள். அதே மாதிரி, பளபளப்பான ஃபிளெக்ஸில் கறுப்பும் ஒரு கோணத்தில் மின்னும். பயிற்சி டிராக் அடிக்கும்போது கடையில் மேட் பினிஷ் கேளுங்கள்.

சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. கைபேசிக் கேமராவை அதன் முன் பிடித்தால் ஐ.ஆர். எல்.இ.டி. மங்கலான ஊதாவாக எரிவது திரையில் தெரியும். சில போன்களில் பின் கேமராவில் தெரியாது, செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

எத்தனை சென்சார் வேண்டும்? இரண்டு வைத்தும் ஓட்டலாம், ஆனால் வண்டி குடித்தவர் மாதிரி ஆடிக்கொண்டே போகும். ஐந்து வையுங்கள். யூனோவில் ஆறு அனலாக் பின் இருக்கிறது, ஐந்தும் அடங்கிவிடும். கறுப்பா வெள்ளையா என்று மட்டும் சொல்லும் டிஜிட்டல் சென்சாரைவிட, 0 முதல் 1023 வரை எண் தரும் அனலாக் வாசிப்பு நல்லது. டிஜிட்டலில் ஒவ்வொரு சென்சாரின் திருகையும் ஸ்க்ரூ டிரைவரால் சரிசெய்ய வேண்டும், அரங்கில் பத்து பேர் சுற்றி நிற்கும்போது. அனலாக் என்றால், பட்டனை அழுத்தி வண்டியைக் கோட்டின் மேல் இடமும் வலமும் ஆட்டினால் ஒவ்வொரு சென்சாரும் தன்னுடைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தானே குறித்துக்கொள்ளும்படி நிரல் எழுதிவிடலாம். இந்தக் காலிபிரேஷன் பட்டன் இல்லாமல் போட்டிக்குப் போகாதீர்கள். நான் இதில் கண்டிப்பானவன்.

நிரல்: படிப்படியாக

எடுத்த எடுப்பில் பி.ஐ.டி. (கே.பி., கே.ஐ., கே.டி. என்ற மூன்று எண்களை வைத்து விலகலைத் திருத்தும் முறை) நிரலை இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவதுதான் வழக்கம். ஒட்டின பிறகு எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து அழுவதும் வழக்கம். வரிசையாகப் போங்கள்.

முதலில் மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். இரண்டு சக்கரமும் முன்னால் சுற்றுகின்றனவா, ஒரே வேகமா. ஒன்று சற்று மந்தமாக இருக்கும், இயல்புதான். அடுத்து சென்சார் எண்களை மட்டும் திரையில் பாருங்கள். கோட்டைக் கையால் நகர்த்தி, எண் இடமிருந்து வலமாக ஒழுங்காக நகர்கிறதா என்று பார்த்த பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பது இப்படி. ஐந்து சென்சாருக்கும் -2, -1, 0, 1, 2 என்று எடை கொடுத்து, எது எவ்வளவு கறுப்பு பார்க்கிறது என்பதை வைத்துச் சராசரி எடுங்கள். கோடு நடுவில் இருந்தால் விடை பூஜ்யம், இடப்பக்கம் விலகினால் மைனஸ். இதுதான் பிழை. பிழையை ஒரு எண்ணால் பெருக்கி ஒரு சக்கரத்தில் கூட்டி மற்றதில் கழித்தால், விலகல் அதிகமானால் திருப்பமும் அதிகமாகும். அந்த எண்தான் கே.பி.

ட்யூனிங்கை, அதாவது இந்த எண்களைச் சரிப்படுத்துவதை, மெதுவான வேகத்தில் தொடங்குங்கள், முழு வேகமான 255க்கு 80, 90 அளவில். கே.பி.யைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். வளைவில் தவறாமல் போய், நேர்கோட்டில் வாலாட்ட ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது கே.டி.யை ஏற்றுங்கள், வாலாட்டம் அடங்கும். போன முறைப் பிழைக்கும் இந்த முறைப் பிழைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து முன்கூட்டியே பிரேக் போடுகிற வேலை அதனுடையது. பழைய பிழைகளைக் கூட்டிவைத்துத் திருத்தும் கே.ஐ.யைப் பூஜ்யமாகவே விடுங்கள், லைன் ஃபாலோயருக்கு அது தேவைப்படுவது அரிது. அப்புறம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். "நேத்து நல்லா ஓடுச்சே, அந்த வேல்யூ என்ன?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற காட்சியை எத்தனை முறை பார்ப்பது.

கோடு சட்டென்று மறைந்தால்? அதற்கு முன் நடுச் சென்சாரில் இருந்த கோடு மறைந்தால், அது விட்டு விட்டு வரைந்த கோடு. நேராகப் போங்கள், மறுபடி வரும். கடைசியாக ஓரச் சென்சாரில் பார்த்து மறைந்தால் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கமே திரும்பித் தேடுங்கள். இந்த ஒரு நிபந்தனை எழுதியதற்கே எத்தனையோ வண்டிகள் ஓட்டத்தை முடித்திருக்கின்றன.

இன்னொரு நுணுக்கம். சோதிக்கும்போது சென்சார் எண்களைத் திரைக்கு அனுப்பும் வரிகளை அப்படியே விட்டுவிடுவோம். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு எழுத்து போக ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி. ஐந்து சென்சாரின் எண்ணும் சேர்ந்தால் இருபதுக்கு மேல் எழுத்து. நொடிக்கு அரை மீட்டர் ஓடும் வண்டி அதற்குள் ஒரு சென்டிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கும். போட்டி நிரலில் அந்த வரிகளை நீக்குங்கள். நிரலைக் காத்திருக்க வைக்கும் டிலே வரிகளையும்தான்.

பத்து நாள் முன்னதாக முடியுங்கள்

அந்தப் பத்து நாளில் வண்டியை ஊர் சுற்றிக் காட்டுங்கள். மொட்டை மாடியில் மாலை நேரம், டியூப் லைட் அறை, ஜன்னல் ஓரம், மின்விசிறி காற்று, மொசைக் தரைமேல் விரித்த ஃபிளெக்ஸ், சுருக்கம் விழுந்த ஃபிளெக்ஸ். போட்டி ஃபிளெக்ஸ் எப்போதும் சுருங்கித்தான் இருக்கும், சுருட்டி வைத்ததை அன்று காலைதான் விரிப்பார்கள். டேப் ஒட்டிப் பழகுகிறீர்கள் என்றால், சாதாரண இன்சுலேஷன் டேப்பின் அகலம் இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. விதியில் கோடு 3 சென்டிமீட்டர் என்றால் இரண்டு டேப்பை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி ஒட்டி அந்த அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். விதியில் உள்ள படத்தைவிடக் கடினமான வளைவு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியைப் பாதியாக இறக்கிவிட்டும் ஓட்டிப் பாருங்கள். 8.4 வோல்ட்டில் ட்யூன் செய்த வண்டியும் 7 வோல்ட்டில் ஓடும் வண்டியும் ஒன்றல்ல. காலையில் ட்யூன் செய்துவிட்டு, மதியம் மூன்று மணிக்கு உங்கள் எண்ணை அழைக்கும்போது அதே பேட்டரியோடு போனால் வளைவெல்லாம் மாறியிருக்கும். இன்னொரு ஜோடி செல்லைச் சார்ஜ் ஏற்றி வைத்திருங்கள், ஓட்டத்துக்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு நாள் நிரலைத் தொடாதீர்கள். பஸ்ஸில் வருகிற யோசனையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட வேண்டும்.

போட்டி நாள்

பையில் வண்டி, சார்ஜர் தவிர: மல்டிமீட்டர், சாலிடரிங் அயர்ன், பசைத் துப்பாக்கி, ஸ்க்ரூ டிரைவர், ஜிப் டை, இரட்டைப் பக்க டேப், உபரி மோட்டார், துணி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கட்டாயம். பிளக் பாயின்ட்டுக்காக ஐம்பது பேர் அலையும் இடத்தில் அதை வைத்திருப்பவர்தான் ராஜா, நண்பர்களும் கிடைப்பார்கள். யூனோவுக்கான அந்தச் சதுரமுனை யூ.எஸ்.பி. கேபிளை எல்லோரும் மறப்பார்கள், நீங்கள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போகிற தூரம் என்றால் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் சாமானில் அனுமதி இல்லை.

சீக்கிரம் போய் டிராக்கைப் பாருங்கள். எந்த மூலையில் வெளிச்சம் அதிகம், ஃபிளெக்ஸ் ஒட்டு எங்கே, வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது, பதினோரு மணிக்கு எங்கே இருக்கும். உங்களுக்கு முன் ஓட்டும் நாலைந்து அணிகளை வரிசையில் நின்று பாருங்கள். எல்லா வண்டியும் ஒரே இடத்தில் விலகினால் அங்கே ஏதோ இருக்கிறது. வாலண்டியரிடம் "ப்ரோ, காலிபிரேஷனுக்கு எவ்வளவு டைம்?" என்று கேட்டு வையுங்கள். டிராக்கின் மேல் வைத்துத்தான் காலிபிரேஷன் செய்ய வேண்டும், பக்கத்து மேசையில் செய்து எடுத்து வந்தால் செய்யாத மாதிரிதான். ஓட்டத்துக்குச் சற்று முன் டயரை ஈரத்துணியால் துடையுங்கள். தூசி ஒட்டிய ரப்பர் வழுக்கும், பி.ஐ.டி. எண்களெல்லாம் அப்புறம் வீண்.

இரண்டு ஓட்டம் உண்டு என்றால் வண்டியில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து, ஒரு பக்கம் மெது வேகம், மறுபக்கம் முழு வேகம் என்று நிரலில் எழுதிவிடுங்கள். முதல் ஓட்டத்தை மெதுவாக ஓட்டி முடித்துக் கணக்கில் ஒரு நேரத்தைச் சேர்த்துவிடுங்கள். பாதிப் பேர் முடிக்கவே மாட்டார்கள் என்பதால் அந்த மெதுவான நேரமே பல சமயம் அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோய்விடும். இரண்டாவதில் தைரியமாக வேகத்தைப் போடலாம். ஓட்டங்களுக்கு நடுவே லேப்டாப் மாட்டக் கூடாது என்ற விதி இருக்கும் இடத்தில் இந்த ஸ்விட்ச் இன்னும் கைகொடுக்கும். ஸ்விட்சுக்கும் தடை இருக்கிறதா என்று மட்டும் முன்பே பாருங்கள்.

நடுவர் முடிவில் தகராறு வந்தால் ஒருவர் மட்டும் பேசுங்கள், அச்செடுத்த விதித் தாளைக் காட்டிப் பேசுங்கள். நான்கு பேர் சேர்ந்து கத்தினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கேட்க மாட்டார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளிப் போட்டிகளில் நடுவர்கள் பிள்ளையைத் தனியாக நிற்க வைத்து "இந்தச் சென்சார் எதுக்கு, ஏன் இங்க வச்சீங்க?" என்று கேட்பார்கள். அப்பா ராத்திரி உட்கார்ந்து எழுதிய நிரல் அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். வேர்ல்டு ரோபோ ஒலிம்பியாடில் பயிற்சியாளரே ரோபோவைக் கட்டவோ நிரல் எழுதவோ கூடாது. நீங்கள் டீ வாங்கிக் கொடுங்கள், போதும்.

முடிந்த பிறகு

ஜெயித்த வண்டிக்காரரிடம் போய்ப் பேசுங்கள். "அண்ணா, என்ன மோட்டார், சென்சார் எவ்வளவு முன்னாடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் பெரும்பாலோர் வண்டியைப் புரட்டியே காட்டுவார்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கற்றதில் பாதி அப்படிப் புரட்டிக் காட்டிய வண்டிகளின் அடியிலிருந்துதான்.

திரும்பும் பஸ்ஸிலேயே நோட்டில் எழுதுங்கள்: எந்த வளைவில் விலகியது, அப்போது பேட்டரி எத்தனை வோல்ட், வெளிச்சம் எப்படி. வீட்டுக்கு வந்ததும் பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றுங்கள். லித்தியம் செல்லை முழுதாகவும் வைக்கக் கூடாது, முழுக்க இறக்கியும் வைக்கக் கூடாது. செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்தால் அடுத்த போட்டி வரை கெடாமல் இருக்கும். ஸ்விட்சை அணைக்க மறந்து மூலையில் போட்ட வண்டியில், மூன்று வாரம் கழித்து 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிப் போன செல்களோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றை மறுபடி சார்ஜ் ஏற்ற முயற்சிக்காதீர்கள், ஆபத்து. புதிதாக வாங்கிவிடுங்கள்.